பணக்கார நாடுகளின் வர்த்தகச் சலுகையும் வளர்ச்சி உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தின் கீழே 'இத்தனை கோடி டாலர் உதவி', 'வரியில்லா ஏற்றுமதிக்கு வாய்ப்பு' என்று செய்தி வருகிறது. அந்த ஒப்பந்தத்தால் யாருக்கு எவ்வளவு பயன் என்பது தொகையைப் பார்த்தால் தெரியாது. யாரும் புரட்டிப் பார்க்காத பின்னிணைப்புகளில்தான் அது இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வர்த்தகமும் உதவியும் ஏன் சேர்ந்தே பேசப்படுகின்றன?

காலனி ஆட்சியின் மிச்சம் என்பதே நேரான பதில். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றபோது அவற்றின் நிலக்கடலைக்கும் காபிக்கும் கொக்கோவுக்கும் வேறு சந்தை அமைந்திருக்கவில்லை. கப்பல் தடம், வங்கி, வணிக நிறுவனம் எல்லாமே பழைய ஆட்சியாளரின் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தன. 1963இல் 18 ஆப்பிரிக்க நாடுகள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் கேமரூனின் யாவுண்டே நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சந்தையும் நிதியும் ஒரே தாளில் வந்தன. பத்தாண்டு கழித்துப் பிரிட்டன் அந்தச் சமூகத்தில் சேர்ந்ததும் அதன் முன்னாள் காலனிகளுக்கும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1975இல் டோகோவின் லோமே நகரில் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46 கையெழுத்திட்டன.

லோமே உடன்படிக்கையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. விலை சரிந்தோ விளைச்சல் பொய்த்தோ ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானம் குறைந்தால், அந்தக் குறைவை ஈடுகட்ட 'ஸ்டாபெக்ஸ்' என்ற நிதி இருந்தது. கேட்டவர்கள் அதிகம், நிதி குறைவு. சில ஆண்டுகளில் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. 2000இல் பெனினின் கொட்டோனு நகரில் அடுத்த உடன்படிக்கை வந்தபோது ஸ்டாபெக்ஸைக் கைவிட்டுவிட்டார்கள். 2023 நவம்பரில் சமோவாவில் கையெழுத்தான உடன்படிக்கை கொட்டோனுவின் இடத்தைப் பிடித்தது. ஒரே பயிரை நம்பி நிற்கும் நாட்டுக்கு விலை வீழ்ச்சியைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அந்த ஆபத்தை நேருக்கு நேர் பார்த்த ஓர் ஏற்பாடு போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

'வளர்ச்சி உதவி' என்ற கணக்கில் எவையெல்லாம் சேரும்?

பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு இதற்கு வரையறை வைத்திருக்கிறது. மானியம், சலுகை வட்டிக் கடன், நிபுணர்களின் சம்பளம், உணவு, மருந்து, ஐ.நா. அமைப்புகளுக்கும் உலக வங்கிக்கும் தரும் பங்கு ஆகியவை அதில் வரும். ராணுவத் தளவாடம் வராது. கடன் முழுத்தொகையாக எண்ணப்படுவதில்லை. 2018 முதல் அதில் எவ்வளவு மானியத்துக்குச் சமம் என்று கணக்கிட்டு அதை மட்டும் சேர்க்கிறார்கள்.

பலருக்கும் வியப்பளிக்கும் ஒன்று உண்டு. கொடுக்கும் நாட்டுக்குள் வந்து சேர்ந்த அகதிகளுக்கு முதல் 12 மாதங்களில் ஆகும் செலவையும் உதவியாகக் காட்டலாம். 2023இல் மொத்த உதவியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டின் எல்லையைத் தாண்டாமலே செலவானது. அகதிகளுக்குச் செலவழிப்பது சரியான காரியம்தான். அதை வேறொரு நாட்டின் வளர்ச்சிக்குக் கொடுத்ததாக எழுதுவதுதான் இடிக்கிறது.

தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்ற இலக்கை யார் எட்டியிருக்கிறார்கள்?

1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இலக்கு அது. அதற்கு முந்தைய ஆண்டு, கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்திருந்தது. 2024இல் இலக்கைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கு மட்டுமே. ஓ.இ.சி.டி. உதவிக் குழுவின் உறுப்பு நாடுகள் அந்த ஆண்டு கொடுத்த மொத்தம் சுமார் 21,200 கோடி டாலர், அதாவது அவற்றின் தேசிய வருமானத்தில் 0.33 சதவீதம். தொகையில் முதலிடம் அமெரிக்காவுக்கு; சதவீதத்தில் அது 0.22தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். வெளிநாடுகளில் வேலை செய்பவர்கள் 2023இல் வளரும் நாடுகளிலுள்ள தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பியது ஏறத்தாழ 65,600 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. அதே ஆண்டின் உதவியைப் போல இது மூன்று மடங்கு.

கொடுத்த பணம் கொடுத்த நாட்டுக்கே திரும்பிப் போகிறது என்கிறார்களே, உண்மையா?

ஒரு பகுதி போகிறது. 'இந்தப் பணத்தில் எங்கள் நாட்டு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் உதவி அது. போட்டி இல்லாததால் விலை கூடும். உதிரிபாகத்துக்கும் பிறகு அதே நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும். இந்த வழக்கத்தைக் குறைக்க 2001இல் ஓ.இ.சி.டி. நாடுகள் ஒரு பரிந்துரையை ஏற்றன. பிரிட்டன் ஏறக்குறைய அதே சமயத்தில் இந்த நிபந்தனையை அடியோடு விட்டுவிட்டது.

பிரிட்டன் அப்படி விடுவதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது. மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் 23.4 கோடி பவுண்ட் உதவி ஒதுக்கியது. அந்த மின்சாரம் கட்டுப்படியாகாது என்று உதவித் துறையின் சொந்த அதிகாரிகளே எச்சரித்தார்கள். ஆனாலும் பணம் போனது. மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்க ஒப்புக்கொண்டதோடு அந்த அணை பிணைந்திருந்தது பின்னால் வெளிவந்தது. 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வளர்ச்சிக்கென்று சட்டம் ஒதுக்கிய பணத்தை வளர்ச்சிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

அமெரிக்காவின் உணவு உதவி இன்னொரு வகை. தானியம் பெரும்பாலும் அமெரிக்க வயல்களில் விளைந்தது. அதில் பாதியையாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பஞ்சம் வந்த இடத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் தானியம் மலிவாகக் கிடைத்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை இதனால் உருவானது.

வரிச்சலுகை என்றால் என்ன? உலக வர்த்தக அமைப்பு பாகுபாட்டைத் தடுக்கிறதே?

தடுக்கிறது. ஒரு நாட்டுக்குக் குறைத்த வரியை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் குறைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதற்கு விலக்கு வாங்கிக் கொடுத்தது வளரும் நாடுகளின் கூட்டு முயற்சி. ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டின் முதல் தலைமைச் செயலாளர், அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷ், ஏழை நாடுகளின் தொழிற்பொருள்களுக்குக் குறைந்த வரி வேண்டும் என்று வாதாடினார். 1968இல் டெல்லியில் நடந்த இரண்டாவது மாநாடு அதை ஏற்றது. 1971இல் பத்தாண்டுக்குக் கிடைத்த விலக்கு 1979இல் நிரந்தரமானது. 'ஜி.எஸ்.பி.' என்று நாம் கேள்விப்படும் சலுகைகள் இதன் வழி வந்தவை.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. 'மிகவும் பின்தங்கியவை' என்று பட்டியலிட்ட நாடுகளுக்காக 'ஆயுதங்கள் தவிர அனைத்தும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரில்தான் அனைத்தும். ஐரோப்பிய விவசாயிகள் அஞ்சிய வாழைப்பழத்துக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் கதவு முழுதாகத் திறக்க 2009 வரை ஆனது. அமெரிக்கா 2000இல் ஆப்பிரிக்காவுக்காகத் தனியே 'அகோவா' என்ற வரிச்சலுகைச் சட்டத்தை இயற்றியது.

சலுகை இருந்தும் பல நாடுகள் ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை?

சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதிதான் பெரிய தடை. 'தோற்ற விதி' என்பார்கள். ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு ஒரு நாட்டில், நூல் இன்னொரு நாட்டில், துணி மூன்றாவது நாட்டில், தையல் நான்காவது நாட்டில். இது யாருடைய சட்டை?

2010 வரை ஐரோப்பாவின் பதில் கறாரானது. நூலிலிருந்து துணியாவதும் துணியிலிருந்து ஆடையாவதும் ஆகிய இரண்டு கட்டங்களும் சலுகை பெறும் நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும். வங்கதேசத்தின் பின்னலாடைத் தொழிலால் அதை நிறைவேற்ற முடிந்தது. உள்ளூரிலேயே நூலும் பின்னல் துணியும் உண்டு. நெய்த துணியில் தைக்கும் ஆலைகளோ சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் துணி வாங்கின. ஆகவே அதே நாட்டின் டி-சர்ட்டுக்கு வரி இல்லை, முழுக்கைச் சட்டைக்கு 12 சதவீதம் வரை வரி. 2011 ஜனவரி முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஒரு கட்டம் போதும் என்று விதி தளர்ந்தது. வரிவிகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தோற்ற விதியில் செய்த திருத்தமே நெய்த ஆடைகளுக்குக் கதவைத் திறந்தது.

அகோவாவில் இந்தத் தளர்வு தொடக்கத்திலேயே இருந்தது. எங்கிருந்து வாங்கிய துணியானாலும் ஏழை ஆப்பிரிக்க நாட்டில் தைத்தால் போதும். லெசோத்தோ என்ற சின்னஞ்சிறு மலைநாடு பெரும் ஆடை ஏற்றுமதியாளரானது இதனால்தான்.

தோற்ற விதிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால் ஒரு பணக்கார நாட்டின் சரக்கு ஏழை நாட்டில் சீட்டு மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த விதியை எழுதும் மேசையில் இறக்குமதி நாட்டின் துணி ஆலை முதலாளிகள் உட்கார்ந்திருந்தால் அது எப்படி முடியும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கொடுத்த சலுகையைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். அது பேரம் பேசி வாங்கிய உரிமை இல்லை, ஒருபக்கமாகக் கொடுத்தது. கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

2009இல் மடகாஸ்கரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. 2010 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அகோவா சலுகையை நிறுத்தியது. ஆட்சியைப் பிடித்தவர்கள் ஆட்சியில் நீடித்தார்கள். வேலையை இழந்தவர்கள் தையல் ஆலைகளில் இருந்த பல்லாயிரம் பேர். 2014இல் சலுகை மீண்டது. இலங்கை, மூன்று ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், அத்தகைய உடன்படிக்கைகளைப் பின்பற்றும் நாடுகளுக்குக் கூடுதலாகத் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை விலக்கியது. 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. கம்போடியா 2020 ஆகஸ்டில் தன் ஐரோப்பிய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கான சலுகையை இழந்தது.

இவற்றிலெல்லாம் மனித உரிமையோ ஜனநாயகமோ காரணமாகச் சொல்லப்பட்டது. உரிமை மீறும் அரசுகள்மீது வெளியாருக்கு இருக்கும் சில பிடிகளில் இது ஒன்று. அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ருவாண்டாவின் கதை வேறு. உள்ளூர் ஆடைத் தொழிலை வளர்க்க 2016இல் அது பழைய துணி இறக்குமதிக்கான வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியது. அமெரிக்கப் பழந்துணி வணிகர் சங்கம் முறையிட்டது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் பின்வாங்கின, ருவாண்டா மறுத்தது. 2018 ஜூலையில் அதன் ஆடைகளுக்கான வரிச்சலுகை நிறுத்தப்பட்டது. யாருடைய உரிமையும் மீறப்படாத இடத்தில், தொழில் தொடங்க முயன்றதற்கே தண்டனை.

ரானா பிளாசாவுக்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே அந்தக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜூனில் அமெரிக்கா வங்கதேசத்தின் ஜி.எஸ்.பி. சலுகையை நிறுத்தியது. அந்தச் சலுகையில் ஆடைகள் முதலிலிருந்தே கிடையாது. அடி விழுந்தது பீங்கான், பிளாஸ்டிக், விளையாட்டுச் சாமான் செய்தவர்களுக்கு.

அப்படியானால் இருதரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் மேல் அல்லவா?

உறுதி கிடைக்கும்; அதற்கு விலையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தங்கள்' ஏழை நாட்டின் சரக்குக்கு நிரந்தர வரிவிலக்குத் தருகின்றன. பதிலுக்கு அந்த நாடும் தன் சந்தையில் பெரும்பகுதியைப் படிப்படியாகத் திறக்க வேண்டும். கென்யாவின் ஒப்பந்தத்தில் அது 80 சதவீதத்துக்கு மேல், 25 ஆண்டுகளில்.

அங்கே கென்யாவின் சிக்கலைக் கவனிக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் அதன் கூட்டாளிகளான உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தான்சானியா எல்லாம் மிகவும் பின்தங்கிய நாடுகள். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஐரோப்பாவில் வரி இல்லை. கென்யா மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. பேச்சு முடிய வேண்டிய கெடு தாண்டியதும் 2014 அக்டோபர் 1 முதல் கென்யாவின் பூக்களுக்கு ஐரோப்பா வரி போட்டது. அந்த மாதமே பேச்சு முடிந்தது. டிசம்பர் கடைசியில் வரி நீங்கியது. பிறகும் தான்சானியா கையெழுத்திட மறுத்ததால் கென்யா கடைசியில் தனியாகவே போய், 2024 ஜூலையில் தன் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரே சுங்க எல்லை வைத்துக்கொள்ளப் பாடுபடும் நாடுகளில் ஒன்றுக்கு மட்டும் வெளியாரோடு தனி ஒப்பந்தம் என்றால், அந்தக் கூட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

சந்தையை அவசரமாகத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹைட்டி எடுத்துக்காட்டு. 1990களின் நடுவில் கடன் கொடுத்தவர்களின் வற்புறுத்தலில் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயம் படுத்தது. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன், அது தன் மாநிலமான அர்கன்சாவின் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்குப் பலன் தரவில்லை என்று 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கொக்கோ விற்கும் நாடு ஏன் சாக்லேட் விற்பதில்லை?

வழக்கமான விளக்கம், பதப்படுத்தப் பதப்படுத்த வரி கூடுகிறது என்பது. ஐரோப்பாவில் கொக்கோ விதைக்கு வரி இல்லை; அரைத்த விழுதுக்குப் பொது வரி 9.6 சதவீதம், சாக்லேட்டுக்கு அதற்கும் மேல். விதையாக அனுப்பு என்று சொல்லாமல் சொல்லும் வரி அட்டவணை.

ஆனால் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கானாவுக்கும் இப்போது அந்த வரி கிடையாது. ஒப்பந்தப்படி விழுதும் சாக்லேட்டும் வரியின்றிப் போகலாம். ஐவரி கோஸ்ட்டில் அரைவை ஆலைகள் பெருகியிருக்கின்றன, கடைகளில் விற்கும் சாக்லேட் மட்டும் பெரும்பாலும் வேறெங்கோதான் தயாராகிறது. பால், சர்க்கரை, குளிர்பதனக் கிடங்கு, தடையில்லா மின்சாரம், விளம்பரச் செலவு என்று வரிக்கு அப்பால் ஒரு பட்டியல் இருக்கிறது. வரியை நீக்கியதோடு தன் கடமை முடிந்தது என்று பணக்கார நாடு சொன்னாலும், எல்லாவற்றுக்கும் வரிதான் காரணம் என்று ஏழை நாட்டின் அமைச்சர் சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும்.

இந்தோனேசியா வேறு வழியை எடுத்தது. 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதிக்கே தடை போட்டு, உருக்காலையை இங்கே கட்டுங்கள் என்றது. ஆலைகள் வந்தன, பெரும்பாலும் சீன முதலீட்டில். காடும் கடலும் அதற்கு விலை கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டு 2022இல் வென்றது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடந்தது. வழக்கு அப்படியே தொங்கியது.

பணக்கார நாடுகளின் விவசாய மானியம் ஏழை விவசாயியை எப்படித் தொடுகிறது?

பருத்தியின் கதையைச் சொன்னால் போதும். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தால் விளைச்சல் பெருகி உலக விலை இறங்கியது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பெனின், புர்கினா ஃபாசோ, மாலி, சாட் ஆகிய நான்கும் பருத்தியை நம்பி வாழும் நாடுகள். 2003இல் அவை சேர்ந்து, இந்த மானியத்தை நிறுத்துங்கள், அதுவரை இழப்பீடு கொடுங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. மெக்ஸிகோவின் கான்கூன் மாநாடு அந்த ஆண்டு முறிந்ததற்குக் காரணங்களில் பருத்தியும் ஒன்று.

அதே மானியத்தின்மீது பிரேசில் 2002இல் வழக்குத் தொடுத்தது. 2005இல் வென்றது. அமெரிக்கா போதிய அளவு மாற்றவில்லை. பதிலடியாக வரி போடவும் அமெரிக்க நிறுவனங்களின் காப்புரிமையைக்கூட நிறுத்திவைக்கவும் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. 2010இல் ஒரு சமரசம்: அமெரிக்கா ஆண்டுக்கு 14.73 கோடி டாலரைப் பிரேசிலின் பருத்தித் துறைக்குக் கொடுக்கும், பிரேசில் பதிலடியைத் தள்ளிப்போடும். அதாவது தன் விவசாயிகளின் மானியத்தைத் தொடர, இன்னொரு நாட்டின் விவசாயிகளுக்கும் பணம் கொடுக்க அமெரிக்கா சம்மதித்தது. 2014இல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

பெனினும் சாடும் அந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக இருந்தன. தீர்ப்பு அவற்றின் வாதத்துக்கும் வலுச் சேர்த்தது. காசு வரவில்லை. பெனின் அமெரிக்கப் பொருளுக்கு வரி போட்டால் வாஷிங்டனில் யாருக்கும் உறைக்காது. பெனினில் விலைவாசிதான் ஏறும். சட்டம் எல்லோருக்கும் பொது, அமல்படுத்தும் பலம் பொது இல்லை. 2015 நைரோபி மாநாட்டில் விவசாய ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க முடிவானது. உள்நாட்டு மானியம்? இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வரி இல்லை, ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்களே?

சுகாதாரத் தரம், பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு அளவு போன்ற விதிகள் அவை. பல சமயம் நியாயமானவையும்கூட. 1990களின் பிற்பகுதியில் விக்டோரியா ஏரியின் நைல் பெர்ச் மீனுக்கு ஐரோப்பா பலமுறை தடை விதித்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் தடுமாறின. பிறகு வெளி உதவியோடு ஆய்வுக்கூடங்களும் தகுதியான ஆய்வாளர்களும் மேம்பட்ட இறங்குதளங்களும் வந்தன, ஏற்றுமதி மீண்டது. மாநாட்டுத் தீர்மானங்களைவிட ஒரு நல்ல ஆய்வுக்கூடம் அதிகம் சாதிக்கும் என்று நான் நம்புவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம். 2005 ஹாங்காங் மாநாட்டில் 'வர்த்தகத்துக்கான உதவி' என்ற திட்டம் பிறந்ததும் இந்தத் தேவையிலிருந்துதான்.

இப்போது அடுத்த அலை வந்திருக்கிறது. காடழிப்பைத் தடுக்கும் ஐரோப்பியச் சட்டம் கொக்கோ, காபி, ரப்பர் விளைந்த நிலத்தின் இருப்பிடத்தை ஆயத்தொலைவோடு காட்டச் சொல்கிறது. அதன் அமலை இருமுறை தள்ளிவைத்திருக்கிறார்கள். உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்காக அவற்றின் இறக்குமதிமீது ஐரோப்பா விதிக்கும் கார்பன் கட்டணம் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. பட்டாவே தெளிவாக இல்லாத சிறு விவசாயி வரைபடத்துக்கு எங்கே போவார் என்பதற்குத்தான் பதில் வேண்டும். பெரிய தோட்டக்காரருக்கு அது ஒரு நாள் வேலை.

சீனாவும் இந்தியாவும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன?

இரண்டும் ஓ.இ.சி.டி. உதவிக் குழுவில் இல்லை, அதன் கணக்கு முறைக்கும் கட்டுப்படவில்லை. இந்தியா 2008 முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வரிச்சலுகை தருகிறது. தன்னோடு தூதரக உறவுள்ள மிகவும் பின்தங்கிய நாடுகள் அனைத்துக்கும் சீனா 2024 டிசம்பர் 1 முதல் எல்லாப் பொருள்களுக்கும் வரியை நீக்கியது. சீனக் கடனில் மானியப் பங்கு குறைவு, நிபந்தனைகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அரசியல் புத்திமதி வராது என்பதால் சில ஆட்சியாளர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறினால் என்ன ஆகும்?

1971இல் தொடங்கிய பட்டியல் அது. தனிநபர் வருமானம், மக்களின் கல்வி–உடல்நலம், அதிர்ச்சிகளைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்து ஐ.நா. முடிவு செய்கிறது. போட்ஸ்வானா 1994இல் முதலில் வெளியேறியது. அண்மையில் பூட்டானும் (2023) சாவோ டோமே பிரின்சிபியும் (2024). வெளியேறினால் பெருமை உண்டு, சலுகை போகும். வங்கதேசம், நேபாளம், லாவோஸ் மூன்றும் 2026 நவம்பரில் வெளியேற ஐ.நா. பொதுச்சபை 2021இல் நாள் குறித்தது.

ஐரோப்பா மேலும் மூன்று ஆண்டு சலுகையை நீட்டிக்கும். வங்கதேசத்துக்கு ஆடையைத் தவிர இன்னொரு கவலையும் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகள் 2033 வரை மருந்துக் காப்புரிமையை அமல்படுத்தத் தேவையில்லை. அந்த விலக்கின் நிழலில்தான் அதன் மருந்துத் தொழில் வளர்ந்தது.

உதவி வாங்கிய நாடு கொடுக்கும் நாடாக மாறியதுண்டா?

தென்கொரியா. 1950களில் அமெரிக்க உதவியில் நாளை ஓட்டிய நாடு, 2010இல் உதவிக் குழுவின் உறுப்பினரானது. ஆனால் அது வளர்ந்த வழியை நினைவில் வைக்க வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்கு வேலி போட்டது, ஏற்றுமதி இலக்கை எட்டிய நிறுவனங்களுக்கு மலிவுக் கடன் கொடுத்தது, உள்நாட்டு உதிரிபாகங்களைப் பயன்படுத்தச் சொன்னது. அந்தக் கருவிகளில் பலவற்றை 1995க்குப் பிறகு உலக வர்த்தக அமைப்பின் விதிகள் தடுக்கின்றன.

2025இல் உதவி குறைந்ததன் பொருள் என்ன?

1961இல் கென்னடி காலத்தில் தொடங்கிய அமெரிக்க உதவி முகமையான யு.எஸ்.எய்டு 2025 ஜூலை 1 அன்று செயல்பாட்டை நிறுத்தியது. மிஞ்சிய திட்டங்கள் வெளியுறவுத் துறைக்குப் போயின. பிரிட்டன் தன் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. 2025இல் மொத்த உதவி 9 முதல் 17 சதவீதம் வரை சரியும் என்று ஓ.இ.சி.டி. கணித்தது.

லெசோத்தோவுக்கு இவை எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. எச்.ஐ.வி. பாதிப்பு உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் அது ஒன்று. சிகிச்சைத் திட்டம் அமெரிக்கப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. அது ஆண்டின் தொடக்கத்திலேயே ஆட்டம் கண்டது. ஏப்ரலில் அமெரிக்கா அந்நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரியை அறிவித்தது, ஆகஸ்டில் அதை 15 ஆக்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஆடை ஆலைகளுக்கு வர வேண்டிய ஆர்டர்கள் நின்றன. செப்டம்பர் 30 அன்று அகோவாவும் காலாவதியானது. மருந்துக்கு வழி செய்ததும் அமெரிக்காதான், தைத்த ஜீன்ஸை வாங்கியதும் அமெரிக்காதான். இரண்டையும் பற்றிய முடிவுகள் வாஷிங்டனில் எடுக்கப்பட்டன. இரண்டிலும் லெசோத்தோவின் கையெழுத்து தேவைப்படவில்லை.